கடற்பாசி: ஒரே பெயரில் பல சரக்கு

ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடைக்காரரிடம் 'பாசி' என்று மட்டும் கேட்டால், 'எந்தப் பாசி?' என்று திருப்பிக் கேட்பார். பிரியாணிக்குப் போடும் கல்பாசியா, நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சும் கடல்பாசியா? முன்னது மலைக்காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன்; பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. அதற்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பசுமையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது 'பாசி'. கேணியில் தொட்டால் விலகி, விட்டால் பரவும் பாசியைக் குறுந்தொகையில் பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலைக்கு உவமையாக்குகிறார் பரணர். நன்னீர்ப் பாசிக்கு இருந்த பெயர் 'கடல்' என்ற அடையோடு கடலில் வளர்வதற்கும் ஆயிற்று. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று வகை பிரித்தே சொல்கிறார்கள். அந்தப் பிரிவு மலையேறி வருவதில்லை. இங்கே எல்லாமே கடற்பாசிதான்.

கடையில் விற்கும் கடல்பாசிக்கு வழங்கும் 'அகர்-அகர்' மலாய்ச் சொல். 'சைனா கிராஸ்' வியாபாரப் பெயர்; அது புல்லே அல்ல. சிலர் எழுதும் 'கடற்களை', 'சீவீட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. உண்ணும் பொருளைக் களை என்பது எனக்கு ஒப்பவில்லை. கடற்பாசியே தக்க சொல். ஆனால் பாடநூல்கள் செய்வதுபோலச் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடல்நலம் அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

கடையில் விற்கும் அகர், சிவப்புப் பாசியைக் காய்ச்சி வடித்தது. அயோடின் மிகக் குறைவு. ஜப்பானியர் 'கொம்பு' என்னும் பழுப்புப் பாசியோ காய்ந்த ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் கொண்டிருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. மலைமண்ணில் மழை அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் மலைப்பகுதிகளில் முன்கழுத்துக் கழலை பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. 'கழலைக்குக் கடற்பாசி சாப்பிடுங்கள்' என்ற அறிவுரையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இது எனக்குக் கவலை தருகிறது. நெடுநாள் அயோடின் குறைவாக இருந்த உடலில் திடீரென்று நிறைய அயோடின் சேர்ந்தால், தைராய்டு கட்டுமீறிச் சுரக்கலாம். நெஞ்சு படபடக்கும், உடல் இளைக்கும். சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பே மந்தமாகும். அயோடின் கலந்த உப்பு அன்றாடத் தேவைக்குப் போதும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பழுப்புப் பாசியையோ அதன் பொடியையோ தொட வேண்டாம்.

அகரைக் காய்ச்சும்போது மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இடைவெளி குறைவு என்பதால் மெதுவாகத்தான் கரையும். ஆகவே சமவெளிக் கணக்கில் அடுப்பை அணைத்தால் கரண்டியின் பின்புறம் கண்ணாடித் துகள்போல நூல் நூலாக ஒட்டியிருக்கும். முன்னதாக ஊறவைத்து, துகள் மறையும்வரை கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும். உலர்ந்த பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். குளிரில் அகர் தானாகவே இறுகிவிடும் என்பதற்காகப் பால் சேர்த்ததை இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள். இறுகியது கெடாது என்று பொருளில்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் பாசியில் உள்ள வைட்டமின் கே பற்றியும், சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. இணையத்தில் வாங்கும் பொட்டலத்தில் 'ஹிஜிகி' என்றிருந்தால் வாங்காதீர்கள். அந்தக் கரும்பாசியில் நச்சுத்தன்மை கொண்ட கனிம ஆர்சனிக் மிகுதி. பிரிட்டன் உணவுப் பாதுகாப்புத் துறையே அதைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.