‘கஒய்யா’ என்று எழுதிய சிறுமி

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்குகிறது அந்தப் பாலர் பள்ளி. கீழே மளிகைக் கடை; காலையில் மாடிப்படி ஏறும்போதே மல்லியும் கறிவேப்பிலையும் மணக்கும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே கதை சொல்லப் போகிறேன். சென்ற மாதம் ஒரு நாள், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தானாகவே பாயை விரித்தாள். மர எழுத்துகள் அடுக்கிய பெட்டியை அணைத்துத் தூக்கிவந்து உட்கார்ந்தாள். ‘கொய்யா’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். க-வை எடுத்து வைத்தாள். மறுபடி சொல்லிப் பார்த்துவிட்டு ஒ-வை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு ய். பிறகு யா. பாயின் மேல் ‘கஒய்யா’ என்று நின்றது.

நான் 26 ஆண்டுகள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவள். என் கை தானாக முன்னே நீண்டது. அறையின் மறுகோடியில் இருந்த ஆசிரியை என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்: வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சிறுமி காது சொன்னபடி எழுதியிருக்கிறாள். ‘கொ’ என்னும் ஒலியில் முதலில் வருவது க். அதை ஒட்டி வருவது ஒ. எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, க எழுதி, துணைக்காலைப் பின்னால் போடுகிறோம். காதுக்குப் பின்னால் வருகிற உயிர், கண்ணுக்கு இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. பெரியவர்களான நமக்கு இது பழகிப்போய்விட்டதால் இதில் ஒரு புதிர் இருப்பதே தெரிவதில்லை. குழந்தை அந்தப் புதிரின் வாசல்வரை தானே நடந்து வந்திருக்கிறாள். அங்கே அவளைத் தூக்கி உள்ளே போடுவதா, கதவைத் தேட விடுவதா? குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி என்று உலகம் முழுவதும் பேசப்படுவது இந்த ஒரு நொடியில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த அறையின் அலமாரியில் இருக்கும் ஒரு மரக்கட்டை போதும். நீளமான கட்டை, அதில் பத்துக் குழிகள், பத்துக் குழிகளிலும் பிடியுள்ள பத்து உருளைகள். ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஒரு குழிதான் பொருந்தும். குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறது. மெல்லிய உருளையை அகன்ற குழியில் போட்டால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். கடைசியில் கையில் தடித்த உருளை ஒன்று மிஞ்சும். அதற்கு இடம் இருக்காது. எங்கோ தவறியிருக்கிறோம் என்பதைக் கட்டையே சொல்லிவிடுகிறது.

பெரியவர் ஒருவர் ‘தப்பு’ என்று சொன்னால் குழந்தையின் பார்வை அவர் முகத்துக்குப் போகிறது. கோபமா, சிரிப்பா என்று தேடுகிறது. கட்டை சொன்னால் பார்வை கட்டையிலேயே நிற்கிறது. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்னும் இடைவெளியைக் கொண்டுதான் மூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. அந்த இடைவெளி உடனே தெரிய வேண்டும். எங்கே தவறியது என்பதும் தெரிய வேண்டும். உருளைக்கட்டை இரண்டையும் தருகிறது. கூடவே, நினைத்ததை மனத்தில் பிடித்துவைப்பது, அவசரத்தை அடக்குவது, ஒரு வழி அடைபட்டால் வேறு வழி பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் இதில் பயிற்சி கிடைக்கிறது. இவற்றுக்கு அடிப்படையான, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இந்தத் திறன்கள் வேகமாக மேலேறுகின்றன.

இந்த உருளைக்கட்டையை வடிவமைத்தவர் மரியா மாண்டிசோரி, இத்தாலிய மருத்துவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு வேலை செய்தபோது, இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விட்டுச்சென்ற கருவிகளையும் வழிகளையும் எடுத்து வளர்த்தார். 1907 ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைக்கட்டையில் ஆழ்ந்திருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அதே வேலையைச் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவளைப் போலத் தெளிந்த முகத்தோடு நிறுத்தினாள். சின்னக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்ற பழைய எண்ணம் மாண்டிசோரியின் மனத்தில் உடைந்தது அங்கேதான்.

சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்வதும் அவர் முறையில் உண்டு. கண், காது, விரல் மூன்றும் ஒரே எழுத்தைப் பிடிக்கின்றன. இதைப் படிக்கும் தமிழருக்கு அரிசித் தட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. விஜயதசமி அன்று இங்கே கோலாலம்பூர்க் கோயில்களிலும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. பெல்லின் பள்ளியைக் குழந்தை மையக் கல்வி என்று சொல்ல முடியாது. சட்டாம்பிள்ளைகளை வைத்து நடத்திய கூட்டுப் பாடம் அது. ஆனாலும் கல்வி முறைகள் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குக்கே வந்தன என்று நினைக்கிறவர்களிடம் இதை நான் சொல்லத் தவறுவதில்லை.

நாம் தினமும் வாயில் புழங்கும் ஒரு மலாய்ச் சொல்லிலும் ஒரு பயணம் இருக்கிறது. பாலர் பள்ளிக்கு மலாயில் ‘தாடிக்கா’. தாமான் டிடிக்கான் கானாக்-கானாக் என்பதன் சுருக்கம். தாமான் என்றால் நமக்கு வீட்டு வரிசைதான் கண்முன் வரும். அதன் மூலப்பொருள் பூந்தோட்டம். ஜெர்மனியில் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபெல், 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயர் வைத்தார். பந்து, கனசதுரம், உருளை ஆகியவற்றைப் பரிசுகள் என்று பெயரிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். 1851இல் பிரஷ்ய அரசு இந்தத் தோட்டங்களைத் தடை செய்தது. அவருடைய அண்ணன் மகனின் சமதர்மக் கருத்துகளை அவருடையவை என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்தார். தடை 1860இல்தான் நீங்கியது. இதற்குள் நாடு துறந்துபோன ஜெர்மானியர்கள் விதையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு வீட்டுக்குள் அது முளைத்தது. 1876இல் தோக்கியோவில் முளைத்தது.

மாண்டிசோரியின் பயணத்தில் நமக்கு இன்னும் நெருக்கமான கட்டம் உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவரும் மகன் மாரியோவும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு வகுப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதப் பயணமாக நினைத்து வந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். மாரியோவைக் காவலில் வைத்தது அரசு. தாயை அடையாறை விட்டு வெளியேறக் கூடாது என்றது. ஆகஸ்ட் 31ஆம் நாள், அவருடைய 70ஆம் பிறந்தநாளில், மகனைத் திருப்பி அனுப்பியது. பிறகு கொடைக்கானலில் இரண்டு ஆண்டுகள். செடி, பூச்சி, பாறை என்று மலையில் கண்டதையெல்லாம் பாடமாக்கி, உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பகுதி அங்கேதான் வளர்ந்தது. தமிழ் மண்ணில் பட்டை தீட்டப்பட்ட முறை இது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007க்குள் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலிலும், பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிய கரும்பலகையிலும், தானே எடுத்துப் படிக்கும் அட்டைகளிலும் அதன் சாயல் இருந்தது.

நாடு விட்டு நாடு போகும்போது ஒரு முறையிலிருந்து எது உதிர்கிறது? இதற்கு ஓரளவு அளந்து பார்த்த பதில் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டு, மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார். குலுக்கல் என்பதால், அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் என்ற வேறுபாடு கலக்கவில்லை. இடம் கிடைத்த ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்தறிவிலும் கணக்கிலும் தன்னடக்கத்திலும் முந்தியிருந்தார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2012இல் வந்த ஆய்வு. ஒரே பெயர்ப் பலகை தாங்கிய பள்ளிகளில், மூலக் கருவிகளை மட்டும் வைத்திருந்த வகுப்புகளும், அவற்றோடு பயிற்சித்தாள், புதிர்ப் படம், கடை விளையாட்டுப் பொருள் எல்லாம் சேர்த்து வைத்திருந்த வகுப்புகளும் ஒப்பிடப்பட்டன. கலப்பில்லாத வகுப்புகளில் முன்னேற்றம் அதிகம். பின்னர் கலப்புள்ள மூன்று வகுப்புகளில் இரண்டில் மட்டும் அந்தக் கூடுதல் பொருள்களை அகற்றிப் பார்த்தார்கள். நான்கே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் வாசிப்பிலும் கவனக் கட்டுப்பாட்டிலும் முன்னே போனார்கள். கணக்கிலும் ஓரளவு முன்னே போனார்கள். சொல்வளத்தில் வேறுபாடு இல்லை.

மாண்டிசோரி என்ற பெயருக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே போனால் உருளைக்கட்டை அலமாரியில் அழகாக இருக்கும். பல இடங்களில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பயிற்சித்தாளில் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். கட்டையைக் கப்பலில் ஏற்றிவிடலாம். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெரியவரை அப்படி ஏற்ற முடியாது. அவரை ஒவ்வோர் ஊரும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் மலேசியாவில் 2010இல் நடைமுறைக்கு வந்த பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2017இல் திருத்தப்பட்டது. விளையாட்டுவழிக் கற்றலை அது வெளிப்படையாகவே வலியுறுத்தியது. ஆனால் செந்தூல் ஆசிரியையிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டீர்களா டீச்சர்?” என்பதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. முதலாம் ஆண்டில் மூன்று மொழிகள் காத்திருக்கின்றன. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம் ரப்பர்த் தோட்டத்திலிருந்தே நம்மோடு வந்தது. என் அம்மா இருட்டில் எழுந்து, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் முன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் சீவப் போவார். அங்கே தூளித் தொட்டில் இருந்தது, ஒரு பாட்டி இருந்தார். கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இருந்ததில்லை. அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்கள், எழுதிய தாளைக் கண்ணால் பார்த்தால்தான் படிப்பு என்று நம்புவதில் வியப்பில்லை. அவர்களை அறைக்குள் உட்கார வைத்து அரை மணி நேரம் பார்க்கச் சொல்வதே வழி. அந்த ஆசிரியை அப்படித்தான் செய்கிறார். சிலர் மனம் மாறுகிறார்கள். சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள்.

‘கஒய்யா’வுக்கு மறுநாள், அலமாரியில் ஒரு புதிய பலகை இருந்தது. இடது ஓரத்தில் ஒற்றைக்கொம்பு, வலது ஓரத்தில் துணைக்கால், நடுவில் ஓர் எழுத்துக்கட்டை சரியாக உட்காரும் அளவுக்குக் குழி. ஆசிரியை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சிறுமி எடுத்தாள். க-வைக் குழியில் வைத்தாள். விரலை இடமிருந்து வலமாக ஓட்டினாள், வாய் அசைந்தது, நின்றது. க-வை எடுத்துவிட்டுப் ப-வை வைத்தாள். பிறகு த. பிறகு சட்டென்று எழுந்துபோய் ஒ-வைக் கொண்டுவந்து பலகைக்கு மேலே பிடித்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஒ இரண்டாகப் பிரிந்து நிற்கிறது” என்றாள், பக்கத்துப் பாயில் இருந்த பையனிடம்.

அவன் நகர்ந்து வந்து பார்த்தான். ஒற்றைக்கொம்பின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்படியென்றால் கோழிக்கு?” என்று கேட்டான்.

வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியர் பெஸ்கி 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டியபோது எதிர்கொண்டதும் இதே கேள்விதான். நான் வாயைத் திறக்காமல் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் ஒரு துண்டுத் தாளில் இரட்டைக்கொம்பு வரைந்து, இன்னொரு பலகைக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார்.