பக்கத்து வீட்டு மாத்திரை

நாலு நாளாக மலம் கறுப்பாகப் போனதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "கணவா தின்னேன் சார், அந்த மைதான்னு நெனச்சேன்" என்றார். பாம்பன்காரர், வயது 63, கடலுக்குப் போகிறவர். சர்க்கரை உண்டு, இதய நோய் கிடையாது. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமெடுக்கும் கறுப்பு என்றால் இரைப்பையில் இரத்தம் கசிகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவருக்கு ஹீமோகுளோபின் வெறும் 7, மிகக் குறைவு. அன்றே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

சட்டைப் பையில் ஆஸ்பிரின் 75 அட்டை இருந்தது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு மச்சானுக்கு மதுரையில் இதயக் குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழல் வைத்து இதைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு நல்லது என்றால் நமக்கும் நல்லதுதானே என்று இவரும் ஆறு மாதமாகப் போட்டிருக்கிறார். வலை இழுத்த இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வேறு. இரண்டும் சேர்ந்தால் வயிறு தாங்காது.

ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. ஒரு தட்டணு வாழும் ஏழு முதல் பத்து நாளும் அது முடங்கியேதான் கிடக்கும். இதயக் குழாயில் இரத்தம் கட்டி உறையாமல் காப்பதும், வயிற்றுப் புண்ணில் கசிவை நிற்கவிடாமல் செய்வதும் அதே வேலைதான். போதாததற்கு இரைப்பையின் உட்சுவருக்கு உள்ள பாதுகாப்பையும் குறைக்கும்.

சர்க்கரை என்றாலே ஆஸ்பிரின் எழுதிய காலம் ஒன்று இருந்தது. நானும் எழுதியவன்தான். 2018இல் இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் ஏழு ஆண்டுக்கு மேல் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய இரத்தக்கசிவு 3.2இலிருந்து 4.1 ஆகக் கூடியது. நூறு பேரில் ஒருவர் தப்பினால், கிட்டத்தட்ட இன்னொருவருக்கு இரத்தம் கசிகிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலும் எழுபது வயது கடந்தவர்களுக்கு, இதயத்துக்குப் பலனே தெரியவில்லை. கசிவு மட்டும் கூடியது. இதய நோய் இல்லாதவர்கள் அறுபதுக்கு மேல் இதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு சொன்னது. பிரஷரையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்து, பீடியை விட்டாலே இவருக்குப் பெரிய பலன்.

இதோடு முடியவில்லை. அடுத்த வாரம் அந்த மச்சானே வந்தார். "ஆஸ்பிரின் ஆகாதுன்னீங்களாமே சார், நானும் நிப்பாட்டிட்டேன்." ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். உட்காரக்கூடச் சொல்லவில்லை, முதலில் தண்ணீர் கொடுத்து மாத்திரையைப் போட வைத்தேன்.