கப்பித் தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்

சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று, எதிர்சேவைக்கு முதல் நாள் மீன்தொட்டியைக் கழுவினேன். கூழாங்கல்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சை எல்லாம் கார்ப்பரேஷன் குழாயில் காட்டி, கறுப்புத் தண்ணி நிற்கும்வரை பிழிந்தெடுத்தேன். பிறகு போர் தண்ணீரை நிரப்பினேன். "கண்ணாடி மாதிரி இருக்குடா" என்றார் அத்தை. மூன்றாம் நாள் காலையில் பதினொரு கப்பி மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலம் மிஞ்சியது நாலு.

நாம் உடம்பில் சேரும் அம்மோனியா என்ற நஞ்சை யூரியாவாக மாற்றித்தான் வெளியேற்றுகிறோம். மீன் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. செவுள் வழியாக அப்படியே விட்டுவிடும், ஆறு கொண்டுபோய்விடும். இருபது லிட்டர் தொட்டியில் ஆறு ஏது? அங்கே அந்த வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல: ரத்தம் பழுப்பாகி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும்.

இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் அதிகம் ஒட்டி வாழும். நான் பிழிந்து ஊற்றிய கறுப்போடு அவையும் போயின. மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது.

போர் தண்ணீர் தன் பங்குக்குச் சேர்ந்தது. காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தை அளக்கும் பிஎச் எண் 7 இருந்தால், கரைந்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய வடிவில் இருக்காது. 8 ஆனால் சுமார் 5 பங்கு. வெயில் ஏற ஏற அது இன்னும் கூடும். அதே வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். மதுரையில் சித்திரை வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

உப்புத் தண்ணீர் மேல் பழி போடவும் முடியாது, கப்பிக்கு அது பிடிக்கும். கொசுப்புழு தின்னும் என்று கிணற்றில் விடுகிற மீன்தானே. அமேசான் காட்டின் மென்னீரில் பிறந்த நியான் டெட்ராவை இங்கே வாங்கி வளர்ப்பதுதான் வீண் வம்பு.

புதுத் தொட்டியில் பாக்டீரியா தானாகப் பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடையிலிருந்து வாங்கிய மீன் முதல் இரண்டு வாரத்திலேயே சாவது பெரும்பாலும் இதனால்தான். காத்திருக்க முடியாவிட்டால் பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி ஊற்ற வேண்டியதுதான். மூன்று வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றை, அவர் தொட்டித் தண்ணீரோடு கேரிபேகில் கட்டி வாங்கிவந்தேன். காய்ந்தால் அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடும். இப்போதெல்லாம் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து முகந்த தண்ணீரிலேயே லேசாக இரண்டு அமுக்கு, அவ்வளவுதான். கார்ப்பரேஷன் தண்ணீரானால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறேன்.

பிழைத்த நாலும் பெண். கப்பியில் வண்ணமெல்லாம் ஆணுக்குத்தான், அதனால் தொட்டி வெறும் சாம்பலாகக் கிடந்தது. ஆனால் பெண் கப்பி ஆணின் விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். வைகாசி கடைசியில் ஒருநாள் காலை, பாசிக்கு அடியில் கண்ணும் வாலுமாகப் பதினான்கு குஞ்சுகள்.