ரான்: சொல் விளக்கம்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 1985ஆம் ஆண்டுப் படத்துக்குப் பெயர் ஒற்றைச் சித்திர எழுத்து. ஜப்பானியர் அதை ‘ரன்’ என்று குறிலாகத்தான் சொல்கிறார்கள். ஈற்று னகரத்துக்குத் தனி மாத்திரை கொடுப்பதால் சற்று நீண்டு ஒலிக்கும். தமிழில் அப்படியே எழுதினால் கிரிக்கெட் ஞாபகம் வந்துவிடும் என்பதாலோ என்னவோ, நம்மவர்கள் ‘ரான்’ என்று நெடிலாக்கிவிட்டார்கள். பழகிப்போனது, இங்கும் அப்படியே இருக்கட்டும்.

படம் பார்த்தவர்கள் வாயில் முதலில் வருவது ‘பிரம்மாண்டம்’. அடுத்து, ‘ஒவ்வொரு ஃபிரேமும் ஓவியம்’. இரண்டும் பொய்யில்லை. குரோசாவா இந்தப் படத்தைப் பத்தாண்டுக் காலம் வண்ண ஓவியங்களாகவே வரைந்து வைத்திருந்தார். சுமார் 1,400 துணைநடிகர்கள், கையால் தைத்த உடைகள், ஃபுஜி மலைச்சரிவில் எரிப்பதற்கென்றே கட்டிய கோட்டை. ஆடை வடிவமைப்புக்காக எமி வாடாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு முனகலும் உண்டு: ‘அழகு சரி, மனசில் ஒட்டவில்லை. எல்லாரும் எங்கோ தூரத்தில் நிற்கிறார்கள்.’ இந்த மூன்று தரப்புமே தலைப்பைத் தாண்டிப் போய்விட்டவர்கள் என்பது என் எண்ணம்.

அகராதியில் ரான் என்றால் குழப்பம், கலகம், ஒழுங்கின்மை. தனியாக நிற்பதைவிடக் கூட்டுச்சொல்லில்தான் அதிகம் புழங்கும்: ‘கொன்ரன்’ குழப்பம், ‘ஹன்ரன்’ கிளர்ச்சி, ‘ரன்போ’ முரட்டுத்தனம். வரலாற்றில் இது ஒரு வகைப்பெயரும்கூட. 1467இல் தொடங்கிப் பதினோரு ஆண்டு கியோட்டோவைச் சாம்பலாக்கிய சண்டைக்கு ‘ஓனின் நோ ரான்’ என்று பெயர். 1637இல் கிறித்தவக் குடியானவர்கள் பெருவாரியாகச் சேர்ந்து எழுந்தது ‘ஷிமாபாரா நோ ரான்’. ஓடா நொபுனாகா என்ற பெரும்பிரபுவை 1582இல் அவருடைய தளபதியே ஹொன்னோ கோயிலில் வளைத்து முடித்ததை மட்டும் ரான் என்பதில்லை, அது ‘ஹென்’. திடீரென்று ஒரே வீச்சில் நடப்பது ஹென், நாடே கிடந்து அல்லாடுவது ரான் என்று மேலோட்டமாகப் பிரிக்கலாம். ஓனின் சண்டைக்குப் பின் நாடு நூறாண்டுக்கு மேல் அல்லாடியது. படத்தின் கதை நடப்பது அந்தக் காலத்தில்தான்.

எழுத்து சீனத்திலிருந்து வந்தது. இன்றைய வடிவத்தின் இடப்பக்கம் பார்ப்பதற்கு ‘நாக்கு’ என்ற எழுத்துபோல இருக்கும். அதை வைத்து ‘நாக்கால் வருவதே கலகம்’ என்று கதை கட்டத் தோன்றும், நம்பிவிடக் கூடாது. பதின்மூன்று கோடுகள் கொண்ட பழைய வடிவத்தை ஏழாகச் சுருக்கியதில் நேர்ந்த ஒப்புமை அது. பழைய வடிவத்தில் இருப்பது நூல், மேலும் கீழும் இரண்டு கைகள். சிக்கலான நூலைக் கைகள் பிரித்துக்கொண்டிருக்கின்றன. எனவே பண்டைச் சீனத்தில் இதற்கு ‘ஒழுங்குபடுத்து, ஆட்சி செய்’ என்ற பொருளும் இருந்தது. கன்ஃபூசியஸின் உரையாடல்களில், தன்னிடம் ‘ரான்’ அமைச்சர் பத்துப்பேர் இருப்பதாக ஊ மன்னர் பெருமைப்படுவதாக ஓர் இடம் வருகிறது. கலகக்கார அமைச்சர்களை வைத்துக்கொண்டு எந்த அரசனும் பெருமையடிக்க மாட்டான். நாட்டை ஒழுங்குபடுத்தும் அமைச்சர்கள் என்றே உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். பின்னால் அந்தப் பொருள் மங்கிச் சிக்கல் மட்டும் மிஞ்சியது.

இதே எழுத்துக்கு ஜப்பானியரின் சொந்த வாசிப்பும் உண்டு: ‘மிதரேரு’. வரிசை கலைவது, மனம் தடுமாறுவது, முடி அவிழ்ந்து அலைவது எல்லாம் மிதரேருதான். யொசானோ அகிகோ 1901இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதைத் தொகுதிக்கு ‘மிதரேகாமி’ என்று பெயர். குலைந்த கூந்தல் என்று பொருள்.

இதை வைத்துக்கொண்டு படத்துக்குப் போவோம். கிழட்டுப் பிரபு ஹிதெதோரா மூன்று மகன்களுக்கும் ஆட்சியைப் பிரித்துக் கொடுக்கிறான். மூத்தவன் தாரோவுக்கு மஞ்சள், ஜிரோவுக்குச் சிவப்பு, சபுரோவுக்கு நீலம். உடை, கொடி எல்லாம் அதே நிறம். ஒற்றை அம்பு ஒடியும், மூன்றைச் சேர்த்தால் ஒடியாது என்று அப்பன் பாடம் நடத்துகிறான். மோரி மொதொனாரி என்ற பிரபுவைப் பற்றிய பழங்கதை இது. கதையில் அம்புகள் ஒடியாது. படத்திலோ சபுரோ மூன்றையும் முழங்காலில் வைத்து ஒடித்துவிடுகிறான். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்ன’னின் சாயல் வெளிப்படையாகத் தெரியும், ஆனால் தொடக்கம் இந்த அம்புதான்.

நிறங்கள் அழகுக்காக மட்டும் இல்லை. வரிசையாக நிற்கும்போது பார்த்தால்தானே கலைவது தெரியும்? ஹிதெதோரா தங்கியிருக்கும் மூன்றாம் கோட்டையை மகன்களின் படைகள் தாக்கும்போது வாளோசை, அலறல், வெடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு தோரு தகெமித்சுவின் இசையை மட்டும் ஓடவிடுகிறார் குரோசாவா. (டிவியில் ஒலி போய்விட்டதோ என்று ரிமோட்டைத் தேடுபவர்களும் இருப்பார்கள்.) தாரோவின் முதுகில் குண்டு பாயும்போதுதான் ஒலி திரும்புகிறது. அந்தக் குண்டு தம்பி ஜிரோவின் ஆள் சுட்டது. பிறகு எரியும் கோட்டையிலிருந்து ஹிதெதோரா இறங்கி வருகிறான். கண்ணில் நிதானமில்லை, வெள்ளை முடி அவிழ்ந்து கிடக்கிறது. குடும்பம், படை, புத்தி, தலைமுடி நான்குக்கும் அங்கே மிதரேரு என்ற ஒரே வினைச்சொல் போதும். தூரத்தில் நிறுத்திக் காட்டுவதும் இதற்காகத்தான். கிட்டே போனால் ஒரு முகம் அழுவது தெரியும், ஓர் அமைப்பு சரிவது தெரியாது. மனசில் ஒட்டவில்லை என்பவர்கள் கேட்பது அந்த முகத்தை. அது நியாயமான ஏக்கம்தான், ஆனால் இந்தப் படம் அதைத் தருவதாகச் சொல்லவே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘கலகம்’ உடனே நாவில் வரும். ஆனால் கலகத்துக்கு ஒருவர் வேண்டும், யாராவது மூட்டிவிட வேண்டும். தவிர, நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இந்தப் படம் நன்மையில் முடிவதில்லை. ‘குழப்பம்’ பரீட்சைத் தாளைப் பார்த்தாலே வந்துவிடும், வலு போதாது. ‘சிக்கல்’ நூலுக்குப் பொருத்தம், ஆனால் இன்று ஆதார் அட்டையில் பெயர் மாறியிருந்தாலும் சிக்கல்தான். பழைய ‘கலாம்’ கம்பீரமான சொல், போரையும் பூசலையும் குறித்தது. இப்போது அதைத் தலைப்பாக வைத்தால் அப்துல் கலாமின் வாழ்க்கைப்படம் என்று நினைப்பார்கள்.

என் வாக்கு ‘குலைவு’க்கு. படை குலையும், குடி குலையும், கூந்தல் குலையும், மனிதன் நிலைகுலைவான். யாரும் மூட்டிவிட வேண்டியதில்லை. முன்பு ஓர் ஒழுங்கு இருந்தது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘சீர்குலைவு’ என்று நீட்டினால் சட்டம் ஒழுங்குச் செய்தியாகிவிடும், வெறும் குலைவு போதும். ஆனால் வரலாற்று நிகழ்ச்சிகளுக்கு இது பொருந்தாது. ‘ஓனின் குலைவு’ என்றால் யாருக்கும் விளங்காது. அங்கே ‘ஓனின் கலகம்’, ‘ஷிமாபாரா கலகம்’ என்றே எழுதலாம்.