"தவறு என்னுடையதுதானே, சார்"

நான் வழக்கறிஞர். சென்ற மாதம் வழக்குக்காக என்னிடம் வந்த கட்சிக்காரருக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. தகடு வெட்டும் இயந்திரத்தில் விபத்து நடந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை நாள் ஏன் இழப்பீடு கோரவில்லை என்று கேட்டேன். "தவறு என்னுடையதுதானே, சார். நான்தான் கவனிக்காமல் கையை விட்டுவிட்டேன்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் உருவானதே, தவறு யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவைப்பதற்காகத்தான். அவற்றுக்கு முன்பு, பிரிட்டன் போன்ற நாடுகளில் நீதிமன்றம் சென்ற தொழிலாளியை முதலாளி தரப்பு மூன்று வாதங்களால் மடக்கிவிடும். உன் கவனக்குறைவும் காரணம். உடன் வேலை செய்தவன் செய்த பிழைக்கு நான் பொறுப்பல்ல. ஆபத்து தெரிந்துதானே வேலைக்குச் சேர்ந்தாய். இவற்றில் ஒன்று எடுபட்டாலும் வழக்கு விழுந்துவிடும். ஜெர்மனி 1884இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும் பிரிட்டன் 1897இல் இயற்றிய சட்டமும் இந்த வழியை மாற்றின. காயம் வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஏற்பட்டதா என்பதே முதன்மையான கேள்வியாயிற்று. அயர்ச்சியில் கை வழுக்குவது, அவசரத்தில் படி தவறுவது எல்லாம் மனித இயல்பு என்று சட்டமே ஏற்றுக்கொண்ட பிறகு, காயம்பட்டவர் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை. வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது, போதையில் வேலை செய்வது போன்ற விலக்குகள் பல சட்டங்களில் உண்டு. சாதாரணக் கவனக்குறைவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதற்கு ஈடாகப் பல நாடுகளில் முதலாளிமீது தனியே நட்டஈட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தொழிலாளி பெருமளவு விட்டுக்கொடுத்திருக்கிறார். அதாவது, இந்தப் பணம் எவருடைய கருணையும் அல்ல.

கிடைப்பது ஒரே ஒரு தொகை என்று எண்ணுவதும் சரியன்று. மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் ஒரு பங்கு, நிரந்தர இயலாமைக்கான தொகை, இறந்தால் குடும்பத்துக்கான உதவி எனப் பல கூறுகள் உள்ளன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டின் 121ஆம் உடன்படிக்கை, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள தொழிலாளியின் தற்காலிக இயலாமைக்கு ஊதியத்தில் 60 சதவீதத்தை அடிப்படை அளவாக வைக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் விகிதமும் காலக்கெடுவும் வேறாக இருக்கலாம்; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோய்க்கும் இழப்பீடு உண்டு. அதே அமைப்பு 1925இலேயே ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்த்ராக்ஸ் தொற்று ஆகியவற்றைத் தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. 2010இல் திருத்திய பட்டியலில் மனநலக் கோளாறுகளும் இடம்பெற்றன. கல் உடைக்கும் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். மருத்துவரிடம் இருமலைச் சொல்கிறவர்கள், எந்தத் தூசியில் எத்தனை ஆண்டுகள் நின்றோம் என்பதை மட்டும் சொல்வதேயில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

காயம்பட்ட அன்றே, முடியாவிட்டால் அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள், எழுத்து மூலம் தகவல் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உடனிருந்தவர்களின் பெயர்களைக் குறித்துவையுங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம் வந்து அழுது பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையில் முதலில் பதிவாகும் வாக்கியம் உண்மையாக இருக்கட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வழக்குக் கட்டில் முதலில் தேடுவது அதைத்தான். அந்தப் பக்கம் நின்றால் நானும் அதைத்தான் தேடுவேன்.

அந்தக் கட்சிக்காரரின் மருத்துவமனை அனுமதிச் சீட்டில், வீட்டுக் கதவிடுக்கில் விரல் நசுங்கியதாக எழுதியிருக்கிறது. அப்படிச் சொல்லச் சொன்னவர் மேற்பார்வையாளர். செலவை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்றாராம். முதல் வாரச் செலவோடு அது நின்றுவிட்டது. இப்போது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் தொடங்கி, அன்று பக்கத்து இயந்திரத்தில் நின்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவரோ வேலையை விட்டு ஓர் ஆண்டாகிறது.