அலையை மெதுவாக்கும் சுருள் கம்பி

மைக்ரோவேவ் சிக்னலை ஆம்ப்ளிஃபை பண்ணனும்னா எலக்ட்ரான் கற்றைகிட்ட இருந்து எனர்ஜியை வாங்கி அலைக்கு கொடுக்கணும், அதுக்கு ரெண்டும் கொஞ்ச தூரமாவது ஒண்ணா ஓடணும். ஆனா அலை போறது ஒளி வேகத்துல, எலக்ட்ரானோ 2,600 வோல்ட் கொடுத்து விரட்டினாலும் அதுல பத்துல ஒரு பங்குதான் வரும். வோல்டேஜை எவ்ளோ ஏத்தினாலும் ஒளியை எட்டிப் பிடிக்கவே முடியாது, அதனால அலையோட காலைக் கட்டுறதுதான் வழி.

அதைத்தான் ட்ராவலிங் வேவ் ட்யூப்ங்கற வெற்றிடக் குழாய்க்குள்ள இருக்கிற ஹீலிக்ஸ், அதாவது சுருள் கம்பி, பண்ணுது. 2 மில்லிமீட்டர் விட்டத்துல கம்பியை சுருளா சுத்தினா ஒரு சுத்துக்கு 6.3 மில்லிமீட்டர் கம்பி ஆகும், சுத்துக்கு சுத்து 0.63 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா, அலை கம்பியில ஒளி வேகத்துலயே ஓடினாலும் நேரா முன்னேறுறது பத்துல ஒரு பங்கு வேகத்துலதான். வேகத்தை சுருளோட அளவே முடிவு பண்றதால ஃப்ரீக்வென்சி மாறினாலும் அது பெருசா மாறாது. கிளைஸ்ட்ரான்ங்கற இன்னொரு மைக்ரோவேவ் ட்யூப் குறுகின ஃப்ரீக்வென்சி பேண்டுல மாட்டிக்கும்போது இந்த ட்யூப் அகலமான பேண்டுல அசால்ட்டா வேலை செய்யுறது இதனாலதான்.

சுருளுக்கு நடுவுல போற எலக்ட்ரான்கள்ல சிலதை அலை தள்ளும், சிலதை இழுத்துப் பிடிக்கும், போகப்போக அதெல்லாம் கொத்து கொத்தா சேர்ந்துடும். கற்றையை அலையை விட கொஞ்சூண்டு வேகமா ஓட விடுவாங்க, அப்போதான் அந்தக் கொத்து பிரேக் விழுற பக்கம் வந்து நின்னு, தான் இழக்குற எனர்ஜியை அலைக்கு கொடுக்கும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது நடுவுல வைக்கிற அட்டெனுவேட்டர், அதாவது அலையை உறிஞ்சுற பகுதி. சிக்னல் கடைசி முனையில மோதி திரும்பி வந்தா ட்யூப் தானா ஊளையிட ஆரம்பிச்சிடும், அதைத் தடுக்க சுருளைத் தாங்குற செராமிக் குச்சிகள் மேல நடுப்பகுதியில கார்பன் பூசி அலையை அங்கேயே சாகடிச்சிடுவாங்க. அப்போ முன்னாடி போற சிக்னலும் செத்துடுமேன்னா, ஆமா சாகும், ஆனா எலக்ட்ரான் கொத்துகள் அப்படியே தாண்டிப் போய் அந்தப் பக்கம் அலையை மறுபடி உண்டாக்கிடும்!

1943-ல இங்கிலாந்துல இந்த ட்யூபை ஓட வெச்சவர் ருடால்ஃப் கோம்ப்னர், படிச்சது கட்டடக் கலை. அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல ஜான் பியர்ஸ் தியரியை எழுதினார். 1962-ல டெல்ஸ்டார் செயற்கைக்கோள்ல போனதும் இந்த ட்யூப்தான். சூடு வெளியேற அந்தக் குச்சிகள் மட்டுமே வழிங்கறதால ரொம்ப அதிக பவர் மட்டும் தாங்காது.

துகள்களை வேகப்படுத்துற ஆக்சிலரேட்டர்ல கதை தலைகீழ், அலை தன் எனர்ஜியை அயனிக்கு (சார்ஜ் உள்ள அணு) கொடுக்கும். கனமான அயனி மெதுவா ஓடுறதால சுருள் பொருந்தும், வேகம் ஏற ஏற சுருளோட இடைவெளியையும் கூட்டணும். எலக்ட்ரான் சீக்கிரமே ஒளி வேகத்தை நெருங்கிடும், அலையை பத்துல ஒண்ணா குறைக்க வேண்டியதே இல்ல, அதான் அங்க சுருளுக்கு பதிலா ஓட்டை போட்ட தட்டுகளை அடுக்கின குழாய் வைக்கிறாங்க.