சென்ஸாய்ஹன் என்றால் உள்ளுறை குற்றவாளி

'சைக்கோ-பாஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் ஒரு 'மறைந்திருக்கும் குற்றவாளி' வந்து நின்றுவிடுகிறார். இன்னும் ஒருபடி மேலே போய் அவரைத் 'தலைமறைவுக் குற்றவாளி' ஆக்குவோரும் உண்டு. இரண்டும் பிழை, அதுவும் கதையையே தலைகீழாக்கும் பிழை.

மூலச்சொல் சென்ஸாய்ஹன். 'சென்' நீரில் அமிழ்தல், 'ஸாய்' இருத்தல், 'ஹன்' குற்றம், குற்றம் புரிந்தவர். நீர்மூழ்கிக் கப்பலுக்கான ஜப்பானியச் சொல்லிலும் இதே 'சென்'தான். ஆங்கிலத்தில் இது 'லேட்டன்ட் கிரிமினல்' ஆனது. நம்மவர்கள் அந்த 'லேட்டன்ட்'டை அகராதியில் தேடி, முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டார்கள். சொற்பிறப்பு அவ்வளவுதான்; சிக்கல் இதற்குப் பிறகு.

'மறைந்திருக்கும் நோய்' என்றால் குழப்பமில்லை. நோய் அஃறிணை, அதற்கு ஒளிந்துகொள்ளும் எண்ணம் கிடையாது. 'மறைந்திருக்கும்' என்பதை உயர்திணைக்குச் சூட்டினால் பொருள் மாறிவிடும். அவர் தெரிந்தே ஒளிந்திருக்கிறார், ஏற்கெனவே ஏதோ செய்துவிட்டார், போலீஸ் தேடுகிறது என்றுதான் தமிழ்க் காது கேட்கும். ஜப்பானியத்தில் பதுங்கியிருத்தலுக்கு 'சென்புக்கு' என்று வேறு சொல் இருக்கிறது. தொடரை எழுதியவர்கள் அதை எடுக்கவில்லை.

தொடரின் உலகம் 2112ஆம் ஆண்டின் ஜப்பான். தெருவெங்கும் உள்ள வருடிகள் மக்களின் மனநிலையை அளக்கின்றன. நாட்டை ஆளும் சிபில் என்ற அமைப்பு அதை எண்ணாக்குகிறது. போலீசார் ஏந்தும் டாமினேட்டர் என்ற துப்பாக்கி, குறிவைக்கப்பட்டவரின் எண் 100க்குக் கீழே இருந்தால் விசை பூட்டிக்கொள்ளும். 100 முதல் 299 வரை மயக்கி வீழ்த்தும். 300ஐத் தொட்டால் கொல்லும். 100ஐத் தாண்டியவர் சென்ஸாய்ஹன். அவர் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, செய்ய நினைத்திருக்கவும் வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தில் கடத்தப்பட்ட பெண்ணுக்கே, பட்ட கொடுமையாலும் அச்சத்தாலும் எண் ஏறி, துப்பாக்கி அவள்மேல் திரும்புகிறது. அவள் எங்கே மறைந்திருந்தாள்?

மறைந்திருக்கும் குற்றவாளி என்று இந்தத் தொடரில் ஒருவரைச் சொல்லலாமென்றால் அது வில்லன் மகிஷிமா ஷோகோ. கண்ணெதிரே கொலை செய்யும்போதும் அவருடைய எண் ஏறுவதில்லை. துப்பாக்கி சுட மறுக்கிறது. அவர் சென்ஸாய்ஹன் அல்ல, அதற்கு நேர் எதிர். சொல்லைத் தப்பாகப் போட்டால் வில்லனின் பட்டம் பாதிக்கப்பட்டவளுக்குப் போய்ச்சேருகிறது.

சரியான சொல் நம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமல் உள்ளே போய்ச்சேரும் வெப்பத்தை 'உள்ளுறை வெப்பம்' என்கிறோம். ஜப்பானியரும் அதை 'சென்'னில் தொடங்கும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்திலும் பொருள் ஒளிந்துகொள்வதில்லை, உள்ளே உறைகிறது. ஆகவே 'உள்ளுறை குற்றவாளி'. இடையில் 'க்' வேண்டாம், இது வினைத்தொகை. வினைத்தொகையை நன்னூல் 'காலம் கரந்த பெயரெச்சம்' என்கிறது. குற்றம் செய்தாரா, செய்கிறாரா, செய்வாரா என்று காலமே காட்டாத சொல். ஒருவரைக் காலம் சொல்லாமல் குற்றவாளி ஆக்கும் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. சிலர் சொல்லும் 'வருங்காலக் குற்றவாளி' இங்கேதான் தோற்கிறது. சிபில் ஆரூடம் சொல்வதில்லை, இன்றைய மனத்தை அளந்து இன்றே தண்டிக்கிறது.

'உள்ளுறை' என்றால் இதழ்களில் பொருளடக்கம் ஆயிற்றே என்பார்கள். ஆகட்டும், வெப்பத்தோடு சேர்ந்தபோது யாரும் பக்க எண்ணைத் தேடவில்லை.

'குற்றவாளி' கடுமையாக இருக்கிறது, தீர்ப்பு வந்த பிறகல்லவா அப்படிச் சொல்ல வேண்டும், 'குற்றச் சாய்வுடையவர்' எனலாமே என்று ஒரு கட்சி. நல்ல மனம், கெட்ட மொழிபெயர்ப்பு. கொலைகாரனைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் வாலிலும் இதே 'ஹன்'தான் இருக்கிறது. செயல் இல்லாதவர்மேல் செயலின் பெயரை ஒட்டுவதுதான் அந்த அரசு செய்யும் அநியாயம். அதை மொழிபெயர்ப்பாளர் மெழுகிப் பூசினால் பார்ப்பவருக்குக் கோபம் எப்படி வரும்?

இதோடு நிற்பதில்லை. சிபில் கணிக்கும் அந்த எண்ணுக்கு மூலத்தில் 'ஹன்ஸாய் கெய்சூ'. 'கெய்சூ' கணக்கில் வருவது, தமிழில் கெழு, இலங்கையில் குணகம். 'குற்றக் கெழு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எழுதுவதோ 'குற்ற எண்'. தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் குற்ற எண் என்பது முதல் தகவல் அறிக்கையின் எண். 'அவருடைய குற்ற எண் 300' என்றால் அந்த ஆண்டின் முந்நூறாவது வழக்கு என்றுதான் ஏட்டு புரிந்துகொள்வார்.

இன்னொன்று 'ஷிக்கோகன்'. உள்ளுறை குற்றவாளிகளையே வேட்டை நாய்களாக்கிப் போலீஸ் வைத்திருக்கும் பதவி. 'அமலாக்க அதிகாரி' என்று எழுதுகிறார்கள். நம்மூர் வாசகருக்கு அமலாக்கத் துறையின் சோதனைதான் நினைவுக்கு வரும். இன்றைய ஜப்பானில் ஷிக்கோகன் என்பவர் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுபவர், ஏறக்குறைய நம் கோர்ட் அமீனா. மரண தண்டனை நிறைவேற்றத்துக்கும் அதே 'ஷிக்கோ'தான் வழங்குகிறது. 'நிறைவேற்றுநர்' என்றால் இரண்டும் அடங்கும். அதிகாரி என்ற மரியாதை அவர்களுக்குக் கதையில் கிடையாது. கண்காணிக்கும் போலீஸ் அதிகாரி அருகில் இல்லாமல் வெளியே தெருவில் நடக்கவும் அனுமதியில்லை.